அண்ணனுக்கு வைத்த கிண்ணம்

பள்ளிக்கூட நாட்களில் மூன்று வாரம் ஒரு யப்பானியக் குடும்பத்தோடு இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் ஒசாகாவா, தோக்கியோவா என்று ஆவலோடு கேட்பார்கள். ரொறொன்ரோவில் யங் வீதி என்று சொன்னவுடன் அவர்களுடைய முகம் விழுந்துவிடும். எங்கள் வீடு இருந்த மல்வேர்னிலிருந்து ஒரு பஸ், அதன் பிறகு இரண்டு ரயில். என் வெளிநாடு அவ்வளவு தூரத்தில்தான் இருந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர் பரிமாற்றம் என்று ஒரு திட்டம் இருந்தது. பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகள் விமானம் ஏறிப் போனார்கள். எங்கள் அகதி வழக்கு முடியவில்லை, கையில் கடதாசி இல்லை, நாட்டைவிட்டு அசைய முடியாது. என்னைப் போல நாலு பேர் இருந்தோம். எங்கள் மேல் இரக்கப்பட்டு ஆசிரியை ஒரு வழி கண்டுபிடித்தார். நகரத்துக்குள்ளேயே வேறு மொழி பேசும் ஒரு வீட்டில் நாங்கள் போய் இருப்பது, அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து இருப்பது. எனக்கு இரக்கம் பிடிக்காது. பதினேழு வயதில் இன்னும் பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு எங்கள் வீட்டு ரெலிபோனை நினைத்துக்கொண்டு சம்மதித்தேன்.

அந்த ரெலிபோன் எங்கள் வரவேற்பறையில் ஒரு முக்காலியின் மேல் இருந்தது. ஐந்து மாதமாக அம்மா அதற்குக் காவல் இருந்தார். அண்ணன், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்டின் கையில் கொழும்பிலிருந்து புறப்பட்டவன். கனடாவுக்கு வரும் வழியில் மேற்கு ஆபிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருமுறை பேசினான். "ஒரு கிழமையில திரும்பவும் எடுக்கிறன் அம்மா" என்றான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஏஜென்டின் நம்பரும் வேலை செய்யவில்லை.

அம்மா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுக்கத் தொடங்கினார். குளிக்கும்போது கதவைச் சாத்த மாட்டார். நான் சிநேகிதியோடு ஒரு நிமிடத்துக்கு மேல் பேசினால், "வை பிள்ளை, அவன் எடுத்தால் என்ன செய்யிறது" என்று தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். வீட்டில் பேசக்கூடாத சொற்களின் பட்டியல் நாளுக்கு நாள் நீண்டது. பசியில் செத்துப்போனேன் என்று பகிடிக்குக்கூடச் சொல்ல முடியாது. சுவரில் அப்பாவின் படம் மாலையோடு தொங்கியது. அவர் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அதற்குப் பக்கத்தில் இருந்த அண்ணனின் படத்தை அம்மா கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். செத்தவருடைய படத்துக்குப் பக்கத்தில் அவன் இருக்கக்கூடாதாம். நான் அவனுடைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றைக் களவாக எடுத்து என் பென்சில் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

அந்த வீட்டிலிருந்து மூன்று வாரம் தப்பினால் போதும் என்றுதான் போனேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

யங் வீதி வீடு பத்தொன்பதாம் மாடியில் இருந்தது. அம்மாவும் மகளும்தான் அங்கே. மகள் என் வயதுக்காரி. நான் வந்த அன்றே அவள் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அம்மாவை அவர்கள் மொழியில் 'அம்மா' என்று கூப்பிட வேண்டும் என்று ஆசிரியை ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். எனக்கு ஒரு அம்மாவே போதும் போதும் என்றிருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரையும் கூப்பிடுவது போல அன்ரி என்றே கூப்பிட்டேன். அவரும் ஏற்றுக்கொண்டார். இருவருக்கும் நடுவில் இருந்த ஆங்கிலம் இரண்டு பேருக்கும் இரவல்தான் என்பதால் சண்டை இல்லாமல் போனது.

முதல் நாள் மாலை ஆறு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். ஆள் இல்லாத கதிரைக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு, மூடி போட்டு. பக்கத்தில் மீன், ஊறுகாய், சாப்பிடும் குச்சிகள். அதற்குப் பின்னால் சட்டம் போட்ட ஒரு படம். கண்ணாடி போட்ட ஆண். அன்ரி அந்தப் படத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் எனக்குப் பரிமாறினார்.

இதற்கு எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படத்துக்கு முன்னால் சோறு வைத்தால் அது படையல். புருசன் போய்விட்டார், அதுவும் அண்மையில். ஆசிரியை இதைச் சொல்லாமல் என்னைச் செத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் செத்த வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும். சிரிக்கவில்லை. தொலைக்காட்சியைத் தொடவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. செத்த வீட்டில் அப்படிச் சொல்லக்கூடாது, பேசாமல் இறங்கிப் போக வேண்டும்.

அந்த வீட்டிலோ வெளியே போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்ல, உள்ளே நிற்பவர் போய்வா என்று பதில் சொல்ல வேண்டும். அது இல்லாமல் நாள் தொடங்காது. அன்ரி ஒவ்வொரு காலையும் கதவடிக்கு வந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு கள்ளனைப் போல எலிவேற்றருக்குள் நுழைந்துவிடுவேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து, பாவம் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் மாலை, நாகரிகம் தெரிந்த பிள்ளை என்று காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவர் மேசையில் கிண்ணத்தை வைக்கும்போது பக்கத்தில் போய் நின்று, "உங்கள் கணவருக்கு நடந்ததற்கு நான் மிகவும் வருந்துகிறேன்" என்றேன்.

அன்ரியின் கையிலிருந்த மூடி மேசையில் விழுந்து உருண்டது.

"என்ன நடந்தது? யார் சொன்னது? பள்ளிக்கூடத்துக்கு எடுத்தார்களா?" என்று கேட்டார். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரெலிபோனுக்கு ஓடினார். நம்பரை இரண்டு முறை பிழையாக அழுத்தினார். கணவரின் கம்பெனியில் யாரோடோ வேகமாகப் பேசினார், பிறகு வைத்துவிட்டு அதன் முன்னாலேயே முழங்காலில் இருந்தார். நான் படத்தைக் காட்டினேன், சோற்றைக் காட்டினேன், எங்கள் ஊரில் இப்படித்தான் என்று அரைகுறையாக உளறினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ரெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அதிலிருந்து தப்பத்தானே நான் இங்கே வந்தேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து மணி அடித்தது. அவர் கேட்டார், கண்ணை மூடினார், பல தடவை தலை குனிந்து குனிந்து நன்றி சொன்னார். வைத்துவிட்டு நிலத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கணவர் நலமாக இருந்தார். தென்னமெரிக்காவில் ஒரு மலைநாட்டில் அணை கட்டும் இடத்தில் எஞ்சினியர். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் பேசக் கிடைக்கும். நான் நாலு நாளாகத் துக்கம் காத்த மனிதர் அங்கே இரவுச் சாப்பாட்டில் இருந்தாராம்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பெட்டியைக் கட்டச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழும்பி வந்து கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். தூரப் பயணம் போனவருக்காக வீட்டில் வைக்கும் சாப்பாடு இது என்றார். போன இடத்தில் அவர் பசி கிடக்கக்கூடாது என்று வைப்பது. அவருடைய தாயார் போர்க்காலத்தில் வைத்தவராம். இப்போது அநேகமாக யாரும் வைப்பதில்லை என்றும் சொன்னார். மூடியைத் தூக்கி உட்பக்கத்தைக் காட்டினார். முத்து முத்தாக நீர் பிடித்திருந்தது. துளி இருந்தால் ஆள் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தமாம்.

எனக்கு வாய் சும்மா இராது. "சுடுசோற்றை மூடி வைத்தால் எப்படியும் துளி பிடிக்கும்தானே" என்றேன்.

"ஆமாம்" என்றார் அன்ரி. "அதனால்தான் சூடாக வைக்கிறேன்."

பிறகு அவர் என்னைக் கேட்டார், உங்கள் வீட்டில் யார் தூரத்தில் இருக்கிறார்கள் என்று. ஐந்து மாதமாக யாருக்கும் சொல்லாததை அவருக்குச் சொன்னேன். என் பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்குக்கூட அண்ணன் கொழும்பில் படிக்கிறான் என்றுதான் பொய் சொல்லியிருந்தேன்.

அடுத்த நாள் மேசையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன.

நான் கதிரையை ஒரு அடி பின்னுக்கு இழுத்தேன். அது என்னவென்று எனக்கு விளக்கப்பட்டிருந்தது, விளங்கியும் இருந்தது. ஆனாலும் என் கைகால் யாழ்ப்பாணத்துக் கைகால். ஆள் இல்லாத இடத்தில் அண்ணனுக்குச் சோறு. வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாலு நாள் அவருக்கு நான் செய்ததற்குப் பிறகு எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை. சாப்பாடு முடிந்ததும் கணவரின் கிண்ணத்தை அன்ரி சாப்பிட, அண்ணனின் கிண்ணம் எனக்கு வந்தது. முதல் வாயை மெல்லாமலே விழுங்கினேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுபோடுவார் என்று நினைத்தேன். பிறகு, அந்தச் சொல்லை நினைத்ததற்காகவும் பயந்தேன்.

இரண்டு கிழமை அப்படியே போனது. ஒவ்வொரு மாலையும் மூடியைத் தூக்கும் நேரம் நான் எட்டிப் பார்ப்பேன். விஞ்ஞானம் பேசிய என் வாய் அந்த நேரம் மட்டும் மூடிக்கொள்ளும். துளியைக் கண்ட பிறகுதான் அந்தக் கிண்ணத்தைத் தொடுவேன். இவ்வளவுக்கும் நடுவில் நான் வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கவும் முடியாது. இணைப்பைப் பிடித்து வைத்திருக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. செய்தி வந்தால் அம்மாவே எடுப்பார். எடுக்கவில்லை என்றால் செய்தி இல்லை.

மூன்றாவது வாரத்தில் அண்ணனுடைய பிறந்தநாள் வந்தது. அன்று காலையில் வாய் தவறி அன்ரியிடம் சொல்லிவிட்டேன். மாலை வந்தபோது அவர் சிவப்புப் பயறு போட்டுச் சிவப்புச் சோறு ஆக்கியிருந்தார். நல்லநாளுக்கு ஆக்கும் சோறாம். அவனுடைய முகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். பென்சில் பெட்டியிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தாங்கியில் நிறுத்தி வைத்தார். மூடியைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தார். துளி இருந்தது. பிறகு ஒரு சின்னப் போத்தலைத் திறந்து சோற்றின் மேல் எதையோ தூவினார்.

கறுப்பு எள்ளு.

எங்கள் வீடுகளில் எள்ளு யாருக்கு என்று தெரியாதவர் இல்லை. எள்ளும் தண்ணீரும் இறைப்பது செத்தவருக்கு. "அன்ரி, இது வேண்டாம்" என்று நான் கையை நீட்டினேன். அதே நேரம் முன்கதவில் சாவி திரும்பியது. வந்துவிட்டேன் என்று அவர்கள் மொழியில் ஒரு குரல் கேட்டது. எங்கள் வீட்டில் இருந்த மகள். அவளுக்குப் பின்னால், சேலைக்கு மேல் குளிர் ஜக்கற்றும் கையில் கோயில் பையுமாக, என் அம்மா.

அம்மா ரெலிபோனை விட்டுவிட்டு வெளியே வந்திருக்கிறார். ஐந்து மாதத்தில் அப்படி நடந்ததில்லை. இப்போது நடந்திருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். இனிக் காத்திருக்க எதுவும் இல்லை.

"என்னம்மா? என்ன செய்தி?" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். சோற்றின் மேல் இருந்ததைப் பார்த்தார். கோயில் பை கையிலிருந்து நழுவியது.

"எப்ப வந்தது?" என்றார்.

"என்னது?"

"ரெலிபோன். இஞ்சயோ எடுத்துச் சொன்னவங்கள்? எத்தினை நாளாச்சு?"

"அம்மா, நீங்களெல்லோ சொல்ல வந்தனீங்கள்?"

"எனக்குச் சொல்லாமல் மறைச்சுப்போட்டு, இஞ்ச வந்திருந்து..." அம்மா ஒரே எட்டில் வந்து என் கன்னத்தில் அறைந்தார். "என்ர பிள்ளைக்கு எள்ளு வைக்கிறியோடி! எள்ளு வைக்கிறியோ!"

அம்மா அதற்கு முன்னும் பின்னும் என்னை அடித்ததில்லை. மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன், அழுகையில் ஒரு சொல்லும் உருப்படியாக வரவில்லை. அம்மா படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, நிலத்தில் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்தார்.

அன்ரிக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த நிமிடம் அவருக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன் நான்தான் அதை அவருக்குக் கொடுத்திருந்தேன். அவர் வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். கணவரின் படத்தைக் காட்டி, ரெலிபோனைக் காட்டி, காதில் கைவைத்துப் பேசுவது போலச் செய்து, உயிரோடு இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அண்ணனின் படத்தைக் காட்டி அதையே சொன்னார். கணவரின் மூடியைத் தூக்கிக் காட்டினார். அண்ணனின் மூடியை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. "அம்மா, இது படையல் இல்லை. பயணம் போனவைக்கு வைக்கிறது. வழியில பசி கிடக்கக்கூடாதெண்டு. இஞ்ச ஒரு ரெலிபோனும் வரேல்லை. சத்தியமா வரேல்லை."

"அப்ப எள்ளு?"

"இவையள் நல்லநாளுக்குப் போடுறது. இண்டைக்கு அவன்ர பிறந்தநாள் எண்டு நான்தான் சொன்னனான்."

அம்மாவும் அதற்காகத்தான் வெளியே வந்திருந்தார். கீழ்வீட்டு அங்கிளை ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, ஸ்காபரோக் கோயிலில் அண்ணன் பெயரில் அர்ச்சனை செய்து, எனக்குப் பிரசாதம் கொடுக்க அன்ரியின் மகளை வழிகாட்டச் சொல்லி வந்திருக்கிறார். முன்கூட்டி ரெலிபோன் எடுத்துச் சொன்னால் இணைப்பு அடைபடும் என்று சொல்லாமலே வந்துவிட்டார்.

அம்மா மூடியை வாங்கிப் பார்த்தார். ஒரு துளியை விரலால் தொட்டார். நான் துளியின் கதையைச் சொன்னேன்.

"சுடுசோத்தை மூடினால் வேர்க்கும்தானே" என்றார் அம்மா.

நான் மொழிபெயர்த்தேன். அன்ரி எனக்குச் சொன்ன அதே பதிலைச் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

அம்மா மூடியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒவ்வொரு நாளும் வைக்கிறவவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். கதிரையை இழுத்து உட்கார்ந்து, சோற்றின் மேலிருந்த எள்ளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் பொறுக்கி எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றையும் விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாம் முடிந்ததும் கிண்ணத்தைக் கையில் எடுத்து எடை பார்ப்பவரைப் போல வைத்திருந்தார்.

"உது அவனுக்குக் காணாது" என்றார். "அவன் மூண்டு கோப்பை தின்னுறவன். இன்னொரு அகப்பை போடச் சொல்லு."

அன்ரி போட்டார். அம்மா பையிலிருந்து கோயில் பொங்கலை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். அன்று அந்தக் கிண்ணத்தில் மூடி பொருந்தவில்லை.

நான் வீடு திரும்பிய பிறகு அம்மா குசினியில் அதைத் தொடங்கினார். படம் இல்லாமல், எள்ளு இல்லாமல், பெரிய கோப்பையில் மூன்று அகப்பை சோறும் கறியும், மேலே ஒரு சட்டி மூடி. சாப்பிட்டு முடிக்க வேண்டியவள் நான். அந்த வருடம் நான் நன்றாகக் கொழுத்தேன்.

அண்ணன் அடுத்த வருடம் கோடையில் வந்து சேர்ந்தான். ஒரு நாட்டில் ஒரு அறைக்குள் ஏழு மாதம், வேறொரு நாட்டில் சிறை. அதைப் பற்றி அவன் அதிகம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அம்மா விடியவே எழும்பிச் சமைத்திருந்தார். கோப்பையை அவன் முன் வைத்து ஒரு அகப்பை சோறு போட்டார். அவன் மெதுவாகத் தின்றான். அம்மா இரண்டாவது அகப்பையோடு குனிந்தார்.

அண்ணன் கோப்பைக்கு மேல் கையை விரித்து மறைத்தான். "காணும் அம்மா" என்றான். "இதுக்கு மேல இறங்காது."

அவன் தின்றது அன்ரியின் அந்தச் சின்னக் கிண்ணத்தில் பிடிக்கும் அளவுதான் இருக்கும். அம்மா அகப்பையிலிருந்த சோற்றைத் திரும்பப் பானைக்குள் போட்டு மூடினார்.